லொறி வரியும் வன்னி வீதிகளும்

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் ஏ-30 வீதியில் அமைந்துள்ள பூவரசங்குளத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு வன்னியின் பொருளாதாரம் ஓரளவு விளங்கிவிடும். நெல் மூடைகள், மணல், கிரவல், மரக்குற்றிகள், மன்னார் மீன் என்று யாவும் லொறிகளிலேயே ஓடுகின்றன. இந்த லொறிகள் எந்தப் பத்திரங்களின் கீழ் ஓடுகின்றன, அவற்றுக்காகச் செலுத்தப்படும் பணம் எங்கே போகின்றது என்பவை பலரும் அறிந்திராத விடயங்களாகவே உள்ளன.

வீதிக்கான செலவை யார் சுமப்பது என்பது இந்நாட்டில் புதிய கேள்வியன்று. 1848ஆம் ஆண்டில் ஆளுநர் டொரிங்டன் காலத்து வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாகும்.

வன்னி மக்களைப் பொறுத்தவரை ‘அனுமதி’ என்ற சொல்லுக்கு வேறொரு கனமும் உண்டு. 1990இல் மீண்டும் போர் மூண்டதன் பின்னர் எரிபொருள், சீமெந்து, பசளை, பற்றரி போன்றவற்றை வன்னிக்குள் கொண்டு செல்வதற்கு விதிக்கப்பட்ட தடை 2002இன் தொடக்கம் வரை நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது லொறிகள் ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைக்கு நின்றன. அப்பால் விடுதலைப் புலிகளின் சாவடிகளில் வாகனங்களுக்கும் சரக்குகளுக்கும் வரி அறவிடப்பட்டது. 2006 ஓகஸ்டில் அப்பாதையும் மூடப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடி முற்றாக அகற்றப்பட்டது 2015இலேயே. இக்காலம் முழுவதும் காத்திருப்புக்கான செலவு யாவும் இறுதியில் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலையிலேயே ஏறியது.

இன்றைய நடைமுறை என்ன? லொறி ஒன்றுக்கு முதன்மையானது வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வேரூன்றிய இக்கட்டணம், 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின்னர் மாகாண சபைகளின் வருமானமாகியது. காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வர்த்தக வாகனமாயின் தகுதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டி இதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாகாணத்தில் பெற்ற பத்திரம் ஒன்பது மாகாணங்களிலும் செல்லுபடியாகும். இந்த வகையில் எமது லொறிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்தியாவில் வாகன வரி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநில எல்லை தோறும் லொறிகள் வரிசையில் நின்ற காலம், 2010இல் தேசிய அனுமதிக் கட்டணம் சீர்செய்யப்பட்டதோடும், 2017 ஜூலையில் பொருட்கள் சேவைகள் வரி வந்து வணிகவரிச் சாவடிகள் நீக்கப்பட்டதோடுமே பெருமளவு மறைந்தது.

ஆனால் எமது லொறியின் மேல் ஏற்றப்படும் சரக்குக்குத் தனிப் பத்திரம் வேண்டும். மரத்துக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி, மணலுக்கும் கிரவலுக்கும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி என இப்பட்டியல் நீளும். 2019 டிசம்பரில் மணல், மண் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரம் அமைச்சரவைத் தீர்மானமொன்றினால் நீக்கப்பட்டது. பத்திரத் தொல்லை ஒழிந்ததென்று சிலர் மகிழ்ந்தனர். ஆற்றுப் படுகைகளோ தோண்டப்பட்டன. 2020இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இடைநிறுத்தியது. அனுமதிப்பத்திரங்கள் அனைத்தும் வீண் தொல்லை என்ற வாதத்தை நாம் ஏற்காதிருப்பதற்கு இதுவே போதிய காரணம்.

எமது கவலை வேறு. வருமான அனுமதிப் பணம் மாகாணத்துக்குப் போகின்றது. ஏ, பி தர வீதிகளோ மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. குளக்கட்டு வீதிகள், கிராவல் ஒழுங்கைகள் எனப் பாரத்தினால் முதலில் சிதைபவை பெரும்பாலும் பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளவை. அச்சபைகளுக்கு இப்பணத்தில் நேரடியான பங்கு எதுவுமில்லை.

கட்டணம் அறவிடப்படும் முறையிலும் நியாயக் குறைவு உண்டு. காலபோக அறுவடையின்போது மட்டும் நெல் ஏற்றிவிட்டு ஏனைய மாதங்களில் வளவில் நிற்கும் லொறியும், நாள்தோறும் பல தடவைகள் கிரவல் பறிக்கும் டிப்பரும் ஒரே எடையாயின் வருடத்துக்குச் செலுத்துவது ஒரே தொகையே. ஓடும் தூரத்துக்கேற்ப எரிபொருள் வரி கூடுகின்றதே என்று கூறலாம். ஆயின் அப்பணம் திறைசேரிக்குச் செல்வது. அத்துடன் சேதத்தின் கணக்கும் அதில் சரியாக அடங்குவதில்லை.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்தப்பட்ட வீதிச் சோதனைகள், அச்சு ஒன்றின் மேல் ஏறும் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கேற்ப வீதிச் சேதம் கூடுவதைக் காட்டின. பாரம் இரு மடங்காயின் சேதம் பதினாறு மடங்கு. அளவுக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் கனரக லொறிகளிடம் எடையையும் ஓடிய மைல்களையும் சேர்த்து வரி பெறுகின்றது. நியூசிலாந்திலும் 1978 முதல் இத்தகைய வீதிப் பாவனைக் கட்டணம் உண்டு.

அத்தகைய ஏற்பாட்டை உடனே இங்கு கொண்டுவருவது இயலாது. ஒரு லொறியைக் கடனுக்கு வாங்கித் தாமே ஓட்டும் சிறு உரிமையாளர்கள் மீது புதிய வரி எதனையும் சுமத்துவதை நாம் ஆதரிக்கவும் மாட்டோம். மாகாணம் ஏற்கெனவே பெறும் தொகையில் ஒரு பகுதியை, கனரக வாகனங்கள் ஓடும் கிராம வீதிகளின் அளவைப் பொறுத்துப் பிரதேச சபைகளுக்கு ஒதுக்கலாம். மணல், கிரவல் அனுமதிகளை வழங்கும்போதே எந்த வீதியால் ஏற்றிச் செல்வது என்பதையும் பத்திரத்தில் குறிக்கலாம். குளக்கட்டின் மேலால் டிப்பர்கள் ஓடுவதை அதன் மூலமே தடுக்க முடியும். அடுத்த மாரிக்கு முன்னர் செய்யக்கூடிய காரியம் இது.