அளவையின் ஐயமும் ஆர்கானின் தோற்றமும்

அளந்து கண்ட எந்த எண்ணும் முற்றும் மெய்யன்று. தராசு, வெப்பநிலை, அளப்போரின் கண் ஆகிய யாவும் அதிற் சிறிது பிழையை ஏற்றிவிடும். ஆதலின் அளவோடு அதன் ஐய எல்லையையும் கணித்துரைப்பது பகுப்பாய்வு வேதியியலாரின் கடமையாகும். அவ்வெல்லையை அறிந்திருந்தமையால் ஒரு தனிமமே வெளிப்பட்ட வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டு இயற்பியலறிஞர் ரேலி பிரபு, 1892ஆம் ஆண்டில் நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 1.8 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கோளத்தில் வாயுவை நிரப்பி நிறுத்தார். சுற்றியுள்ள காற்றின் மிதப்பு விசை கணக்கைக் குலைக்காதிருக்க, தராசின் மறுபுறத்தில் அதே பருமனுள்ள வேறொரு கோளத்தைத் தொங்கவிட்டார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவையும் காற்றையும் கொண்டு பெற்ற நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாயிருந்தது.

இச்சிறு வேறுபாட்டை அவர் புறக்கணித்தாரல்லர். ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டு வேதியியலாரின் கருத்தை வேண்டினார். பின்னர், அம்மோனியா முறையிற் காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்ஸிஜனைப் பயன்படுத்தினார். வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்காக உயர்ந்தது!

1894இல் அவர் வெளியிட்ட எண்கள் நோக்கத்தக்கவை. காற்றின் ஆக்ஸிஜனைச் செம்பு, இரும்பு, இரும்பு ஹைட்ராக்சைடு என்னும் மூன்றாலும் தனித்தனியே நீக்கிப் பெற்ற நைட்ரஜனின் எடை முறையே 2.3103, 2.3100, 2.3102 கிராம். சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனோ 2.2987 முதல் 2.3001 கிராம் வரையே இருந்தது. ஒரே வகைக்குள் எழுந்த சிதறலைவிட, இரு வகைகளுக்கும் இடைப்பட்ட வேறுபாடு பன்மடங்கு பெரிது. எனவே அது கைப்பிழையன்று; காற்றிற் கனமான வேறொரு வாயு கலந்திருத்தல் வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டிருப்பின் அவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

1785இலேயே கேவண்டிஷ், காற்றின் நைட்ரஜனை மின்பொறியால் அகற்றியபோது, 120இல் ஒரு பங்குக்கு மேற்படாத சிறு குமிழி எஞ்சியதைக் குறித்து வைத்திருந்தார். ராம்சே என்னும் வேதியியலறிஞர், காய்ச்சிய மக்னீசியத்தால் நைட்ரஜனை உறிஞ்சச் செய்து, எஞ்சிய வாயுவைத் திரட்டினார். 1895இல் ரேலியும் ராம்சேயும் அதனை முழுமையாக விளக்கினர். எதனோடும் எளிதிற் சேராமையால், சோம்பல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அது ஆர்கான் எனப் பெயர்பெற்றது. 1904இல் ரேலி இயற்பியலிலும் ராம்சே வேதியியலிலும் நோபல் பரிசு பெற்றனர்.

ஐயத்தை மதிப்பிடும் முறையைப் பன்னாட்டுத் தரநிறுவனம் 1993இல் வழிகாட்டி நூலாக வெளியிட்டது. இன்று ஆய்வுக்கூடங்கள் அவ்வழியைப் பின்பற்றுகின்றன. மாணாக்கர் விடை நூலோடு பொருந்தவில்லையெனில் அதனை உடனே திருத்தச் சொல்லற்க. பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்று முதலிற் கேட்பீராக.