பயணம் கற்பித்த பாடம்: இமாம் பாஜீயின் வஸிய்யத்

கல்வி தேடிப் புறப்பட்ட பெரியோர்களின் வரலாறுகளை ஓதும்போது, அவர்கள் எந்த ஊரில் எவரிடம் கற்றார்கள் என்பதையே நாம் பெரும்பாலும் கவனிக்கிறோம். ஊர் திரும்பிய பின் அவர்களின் வாழ்வு எத்திசையில் சென்றது, தாம் கண்டறிந்ததில் எதைத் தம் மக்களுக்குக் கையளித்தார்கள் என்பதை அவ்வளவாக ஆராய்வதில்லை. அந்தலுஸின் மாலிகீ மத்ஹபுப் பேரறிஞர் அபுல் வலீத் சுலைமான் அல்பாஜீ (ரஹ்) அவர்களின் வரலாறு இவ்வகையில் சிந்திக்கத்தக்கது.

ஹிஜ்ரி 403இல் (கி.பி. 1013) பிறந்த அவர்கள், ஹிஜ்ரி 426இல் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்கள். அப்பயணம் 13 ஆண்டுகள் நீடித்தது. மக்காவில் அபூதர் அல்ஹரவீ அவர்களுக்குப் பணிவிடை செய்து மூன்றாண்டுகள் ஹதீஸ் கற்றார்கள். பக்தாதில் அபுத்தய்யிப் அத்தபரீ, அபூஇஸ்ஹாக் அஷ்ஷீராஸீ ஆகிய ஷாஃபிஈ மேதைகளிடமும், மோசூலில் அபூஜஅஃபர் அஸ்ஸிம்னானீயிடமும் பாடம் கேட்டார்கள். கையில் பொருளில்லாத நிலையில் பக்தாதில் ஒரு தெருவின் இரவுக் காவலராகப் பணிபுரிந்தார்கள். கூலி உணவுக்கானது, காவல் விளக்கின் வெளிச்சம் படிப்புக்கானது.

தாயகம் திரும்பிய பின்னும் வறுமை நீங்கவில்லை. பொன்னைத் தகடாக அடிக்கும் தொழிலைச் செய்தார்கள். பாடம் நடத்த வரும்போது கையில் சுத்தியலின் தழும்பு இருந்ததென்று காழீ இயாழ் பதிவு செய்கிறார். மஜோர்க்கா தீவில் இப்னு ஹஸ்முடன் நிகழ்த்திய விவாதங்கள் அவர்களின் புகழைப் பரப்பின. செல்வக் குடியில் பிறந்த இப்னு ஹஸ்மை நோக்கி, காவலர் விளக்கில் கற்ற தமது உழைப்பே உயர்ந்தது என்று பாஜீ சுட்டிக்காட்டியதாக ஒரு செய்தி உண்டு. நீர் என் நிலையை அடையும் ஆசையில் கற்றீர், நானோ அந்நிலையில் இருந்துகொண்டே கல்வியை நாடினேன் என்னும் பொருள்பட இப்னு ஹஸ்ம் விடையளித்தாராம்.

அந்த விடையின் கூர்மையைக் காலம் உணர்த்தியது. சிற்றரசர்கள் பாஜீயை மதித்தனர், காழீ பதவியும் வெகுமதிகளும் தேடி வந்தன, செல்வம் பெருகியது. ஆட்சியாளர்களுடனான இந்த நெருக்கத்தை மக்கள் குறை கூறவும் செய்தனர்.

இத்தகைய அனுபவங்களைக் கண்ட தந்தை, மார்க்கக் கடமைகள் விதியாகும் பருவத்தை நெருங்கிய தம் இரு மைந்தர்களுக்கு ஒரு வஸிய்யத்தை எழுதினார்கள். ஈமானும் வணக்கங்களும் அதன் முதற்பகுதி. கல்வியே குறையாத செல்வம் என்பதும், சகோதரர் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ வேண்டும் என்பதும் அதில் அழுத்தமாக வருகின்றன. நாம் வியப்பது மற்றொன்றைக் கண்டு: அரசர்களின் தோழமையை இயன்றவரை தவிர்க்குமாறு அந்தத் தந்தை மைந்தர்களைப் பணிக்கிறார்கள். தாம் நடந்த வழியையே மக்களுக்கும் காட்டுவது எளிது. அவ்வழியில் முள் இருக்கிறது என்று சொல்வதற்கு மனத்துணிவு வேண்டும்.

அரசர்களிடம் சென்றதெல்லாம் தன்னலத்துக்காக என்று நாம் கருதிவிடலாகாது. பிளவுண்ட அந்தலுஸின் சிற்றரசர்களை ஒன்றுபடுத்தும் தூதுப் பணியில் இருந்தபோதே ஹிஜ்ரி 474இல் (கி.பி. 1081) அல்மரீயாவில் பாஜீ காலமானார்கள். நான்கே ஆண்டுகளில் துலைத்துலா நகரம் முஸ்லிம்களின் கையைவிட்டுப் போயிற்று.

அவர்களின் மகன் அபுல்காசிம் அஹ்மத், தந்தையின் மாணவர்களுக்கு ஆசிரியராக விளங்கியவர். அரசர்களின் வெகுமதி கலந்திருந்த காரணத்தால், பெருஞ்செல்வமாக இருந்த தந்தையின் சொத்தை அவர் ஏற்காது விட்டுவிட்டார். பின்னர் அவரும் கிழக்கே பயணமாகி, ஹஜ்ஜை நிறைவேற்றி, ஹிஜ்ரி 493இல் ஜித்தாவில் மறைந்தார்.

சொத்தைத் துறந்த அம்மகனைத் தந்தைக்கு மாறு செய்தவர் என்று யார் சொல்வார்? தந்தை எழுதிவைத்த சொல்லை அவர் வாழ்ந்து காட்டினார். கடல் கடந்து பொருளீட்டித் திரும்பும் பெற்றோர் நம்மிடையே பலர். வீடும் நிலமும் போலவே, தாம் சென்ற வழியின் மேடுபள்ளங்களைப் பற்றிய உண்மையும் மக்களுக்கு உரிய பங்குதான். அதை மறைக்காமல் வழங்கும் மனத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.