நடுக்கடலில் திடீரென ஆஃப் ஆகும் ஜிபிஎஸ்: பேட்டரி பிரச்னையை நாமே சரிசெய்வது எப்படி?

ராமேஸ்வரம், நாகை பகுதி மீனவர்களுக்கு ஜிபிஎஸ் கருவி வெறும் வழிகாட்டி மட்டுமல்ல. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுக்கப்பட்ட இந்திய - இலங்கை கடல் எல்லை கண்ணுக்குத் தெரியாத கோடு. அதை நெருங்கிவிட்டோமா என்பதை இரவில் சொல்வது இந்தக் கையடக்க கருவிதான். அது பாதியில் அணைந்தால் என்ன செய்வது? பல நேரங்களில் கோளாறு கருவியில் இல்லை, பேட்டரியில்தான்.

புது பேட்டரி போட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதா?

முதலில் என்ன பேட்டரி என்று பாருங்கள். பல கருவிகளில், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே ஏஏ பேட்டரி இரண்டு இருக்கும். கடிகாரத்துக்கு வாங்கும் விலை குறைந்த ஜிங்க் கார்பன் பேட்டரி ஜிபிஎஸ்ஸுக்குத் தாங்காது. ஆல்கலைன், லித்தியம் அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிதான் சரி. பழையதும் புதியதும் கலந்து போடக் கூடாது. இரண்டில் ஒன்று வீக்காக இருந்தாலே கருவி அணைந்துவிடும்.

சார்ஜ் அளவு தப்பாகக் காட்டுகிறதா?

ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்பதை செட்டிங்ஸில் 'பேட்டரி டைப்' பகுதியில் சொல்ல வேண்டும். நிக்கல் போட்டுவிட்டு ஆல்கலைன் என வைத்தால், சார்ஜ் இருக்கும்போதே 'லோ' காட்டும். மாற்றி வைத்தால் இன்னும் ஆபத்து. நிறைய சார்ஜ் இருப்பதுபோல் காட்டி திடீரென அணைந்துவிடும்.

படகு குலுங்கும்போது அணைகிறதா?

பேட்டரி தொடும் ஸ்பிரிங், தகடுகளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி இருந்தால் ஆல்கலைன் கசிவு. பச்சையாக இருந்தால் உப்புக்காற்று அரிப்பு. பேட்டரியைக் கழற்றி, கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டு துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான்.

சார்ஜை மிச்சம் பிடிப்பது எப்படி?

அதிகம் குடிப்பது திரை வெளிச்சம். அதைக் குறைத்து, 15 விநாடியில் தானாக அணையும்படி வையுங்கள். கரைக்குப் பக்கத்தில் மீன்பிடிக்கும்போது அணைத்து வைத்தாலும், எல்லை அருகே ஆன் செய்தே வையுங்கள். மறுபடி ஆன் செய்தால் சிக்னல் பிடிக்க நேரமாகும்.

இதைச் செய்யாதீர்கள்

ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரியும் கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால் கருவியே எரிந்துபோகலாம். படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுக்காதீர்கள். கருவிக்கென உள்ள அடாப்டர் வழியாக மட்டுமே இணைக்க வேண்டும்.

கிளம்பும் முன்...

நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். முந்தைய நாள் இரவே சார்ஜ் போடுங்கள். ஒரு செட் புது பேட்டரியை ஈரம் படாத கவரில் எடுத்துச் செல்லுங்கள். செல்போனில் கடல் வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்து வைத்தால், டவர் இல்லாத இடத்திலும் இருக்கும் இடத்தைக் காட்டும். இவ்வளவு செய்தும் கருவி அணைந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள். அது சரியாகும் வரை அதை நம்பி எல்லைப் பக்கம் போக வேண்டாம்.