மழை பெய்யும்போது பாடம் கேட்குமா? – தேவிகுளத்திலிருந்து ஒரு கல்வி வரலாற்றுக் குறிப்பு

தேவிகுளம் மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். உயர்நிலைப் பள்ளி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மழைச் சத்தம்தான். நாங்கள் படித்தது ஒரே நீண்ட கூடம். மேலே தகர ஷீட், நடுவே ஆள் உயரத் தட்டி. இந்தப் பக்கம் கணக்கு, அந்தப் பக்கம் சமூகப் பாடம். கேரளத்தில் ஜூனில் பள்ளி திறக்கும்; அதே ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் இறங்கும். அடைமழை பிடித்தால் சார் பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்பீசை எடுப்பார். "எழுதிக்கோங்கடா, அப்புறம் சொல்றேன்" என்பார். அந்த 'அப்புறம்' பல நாள் வரவே வராது. ஆண்டின் அடிப்படைப் பாடங்கள் இப்படித்தான் மழையோடு போயின.

வகுப்பறைச் சத்தம் நமக்குப் புதிதல்ல. பழைய திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். அங்கே சத்தமே பாடம். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து, 1797இல் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. ஒரே கூடத்தில் பல வகுப்புகள்! மனப்பாடத்துக்கு அது சரி. ஆசிரியர் விளக்க, மாணவன் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய உயர்நிலைக் கல்விக்கு அது பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதை அளந்து காட்டியது பிற்கால அறிவியல். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவும், ஒலியை உறிஞ்சும் பரப்பும்தான் அதை முடிவு செய்கின்றன என்று கண்டார்.

1975இல் நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய பள்ளி ஒன்று ஆராயப்பட்டது. ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குள் வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தில் ரப்பரும் வகுப்பில் ஒலி உறிஞ்சும் கூரையும் போட்ட பிறகு, 1981இல் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகள் மந்தமில்லை, அறைதான் மந்தம்!

பாடம் நடக்கும்போது வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 1999இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆசிரியர் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு விதிகள் பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக்க வழி செய்கின்றன. ஹாரனைத் தடுக்கலாம், தலைக்கு மேல் தகரத்தை?

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரித் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தமிழ்வழி வகுப்புகள் இன்றும் உண்டு. ஆனாலும் லயத்தில் தமிழ் பேசும் பிள்ளை மலையாளமும் ஆங்கிலமும் கேட்டே படித்தாக வேண்டும். தாய்மொழியில் பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். பிற மொழியில் அப்படி நிரப்ப முடியாது. ஒரே மழைதான், நஷ்டம் மட்டும் இரண்டு மடங்கு.

2025இல் கேரளக் கல்வி அமைச்சர், கோடை விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொது விவாதத்துக்கு அழைத்தார். மலைப்பள்ளிகளுக்கு அது யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடுமுறையை மாற்றினாலும் அறை மாறாது. தகரத்துக்கு அடியில் உள்கூரை, கூரைவரை எழுப்பிய சுவர், கான்கிரீட் அறையில் ஒலி உறிஞ்சும் பலகை – இவை பெரிய செலவல்ல.

அன்பர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகளும் தேவிகுளத்துப் பிள்ளைகளைப் போலத்தான். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் வேறு மொழி. "ஏண்டா மார்க் குறைஞ்சுது?" என்று கேட்பதற்கு முன், "கிளாஸ்ல டீச்சர் சொல்றது உனக்குக் கேக்குதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். என்னிடம் அன்று யாரும் கேட்கவில்லை.