மாத்திரை இருக்கு, சாப்பாடு இருக்கா? அமெரிக்க மருத்துவ மாணவர்கள் கேட்கும் 2 கேள்விகள்

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரலாம். கலிஃபோர்னியாவில் இப்படி மருத்துவமனையில் சேரும் ஏழைகள், மாதத்தின் முதல் வாரத்தைவிட கடைசி வாரத்தில் 27% அதிகம் என்கிறது 2014-ல் வெளியான ஆய்வு. மாதக் கடைசியில் காசு தீர்ந்துபோவதே காரணமாக இருக்கலாம்.

அந்த 2 கேள்விகள் என்ன?

மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்குகள் பலவற்றில், கடந்த 12 மாதங்களைப் பற்றிக் கேட்கிறார்கள்:

* கையில் காசு வரும் முன்பே சாப்பாட்டுப் பொருள் தீர்ந்துடுமோன்னு கவலைப்பட்டீங்களா?
* வாங்கினது பத்தாம, மேற்கொண்டு வாங்க காசில்லாம போச்சா?

ஏதாவது ஒன்றுக்கு 'அடிக்கடி' அல்லது 'சில நேரம்' என்று பதில் வந்தாலே எச்சரிக்கைதான்.

அடுத்து என்ன?

'ஸ்னாப்' என்ற அரசு உணவு உதவிக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள். அக்கம்பக்கத்தில் இலவச மளிகை கிடைக்கும் இடத்தையும் சொல்வார்கள். சாப்பாடு உறுதியானால்தான் மருந்தும் ஒழுங்காக வேலை செய்யும்.