மீக்கடத்தி நானோகம்பி ஒற்றை ஒளியணு உணரி

மீக்கடத்தி நானோகம்பி ஒற்றை ஒளியணு உணரி என்பது, ஃபோட்டான் எனப்படும் ஒளியணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து எண்ண உதவும் கருவி ஆகும். மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் ஒரு மெல்லிய கம்பி, ஓர் ஒளியணுவை உட்கவர்ந்ததும் கணநேரம் மின்தடை பெறுகிறது. அப்போது எழும் மின்துடிப்பே ஒளியணு வந்ததற்கான அடையாளம் ஆகும்.

தேவை

ஒளியிழைத் தொலைத்தொடர்பில் 1550 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி பெரிதும் பயன்படுகிறது. இவ்வொளியில் ஓர் ஒளியணுவின் ஆற்றல் ஏறத்தாழ 0.8 எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானைக் கடத்துநிலைக்கு உயர்த்த ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான்வோல்ட் தேவைப்படுவதால், சிலிக்கான் உணரிகளால் இவ்வொளியணுக்களைக் கண்டறிய இயலாது.

மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து இயங்குகின்றன. இவை கூப்பர் இணைகள் எனப்படும். ஓர் இணையைப் பிரிக்கச் சில மில்லி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலே போதும். எனவே 0.8 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய ஒரே ஒளியணு, நூற்றுக்கு மேற்பட்ட இணைகளைக் குலைக்கப் போதுமான ஆற்றலைக் கொண்டுள்ளது. இக்கருவியின் உணர்திறனுக்கு இதுவே அடிப்படை.

அமைப்பு

பெயரில் கம்பி என்று இருந்தாலும், இது ஒரு தட்டையான படலப் பட்டையே ஆகும். பெரும்பாலும் நையோபியம் நைட்ரைடால் ஆன இப்பட்டை சில நானோமீட்டர் தடிப்பும், ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமும் கொண்டது. டங்ஸ்டன் சிலிசைடு, மாலிப்டினம் சிலிசைடு ஆகியனவும் பயன்படுகின்றன. ஒளி விழும் பரப்பை நிரப்பும் பொருட்டுப் பட்டை பாம்பு நெளிவது போல் முன்னும் பின்னுமாக வளைத்து அமைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 100 நானோமீட்டர் அகலமுள்ள பட்டையை அதே அளவு இடைவெளி விட்டு 10 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் நிரப்பினால், அதன் மொத்த நீளம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆகும்.

இயங்கும் முறை

1. கம்பி அதன் மாறுநிலை வெப்பநிலைக்குக் கீழே, பொதுவாக 4 கெல்வினுக்கும் குறைவாகக் குளிர்விக்கப்படுகிறது.
2. மீக்கடத்து நிலை தாங்கக்கூடிய உச்ச அளவை நெருங்கும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது.
3. உட்கவரப்பட்ட ஒளியணு, கம்பியின் ஓரிடத்தில் கூப்பர் இணைகளைக் குலைத்து மீக்கடத்து நிலையை நலிவுறச் செய்கிறது. இவ்விடம் சூடான புள்ளி எனப்படும்.
4. நலிவுற்ற இடத்தில் மின்னோட்டம் தாங்கும் அளவை மீறுவதால், கம்பியின் முழு அகலமும் மின்தடை பெறுகிறது. இத்தடை சில நூறு முதல் சில ஆயிரம் ஓம் வரை வளரும்.
5. மின்னோட்டம் தடை குறைந்த வெளிச்சுற்றுக்குத் திரும்பி, பெருக்கியில் துடிப்பாகப் பதிவாகிறது.
6. சூடான புள்ளி குளிர்ந்து மீக்கடத்து நிலை மீள்கிறது. மின்னோட்டம் மீண்டும் கம்பிக்கு வருகிறது.

இது எளிமைப்படுத்திய விளக்கமே. மீக்கடத்தியினுள் காந்தச் சுழல்கள் நகர்வதும் இந்நிகழ்வில் பங்கு வகிக்கிறது.

மீளும் நேரம்

கம்பி நீளமாக இருந்தால் அதன் மின்தூண்டம் மிகுந்து, மின்னோட்டம் திரும்பக் கூடுதல் நேரம் ஆகிறது. அதுவரை அடுத்த ஒளியணுவை உணரும் திறன் குறைந்திருக்கும். மீளும் நேரம் பொதுவாகச் சில நானோநொடிகள் முதல் சில பத்து நானோநொடிகள் வரை இருக்கும். இதற்கு மாறாக, சூடான புள்ளி குளிரும் முன்பே மின்னோட்டம் திரும்பிவிட்டால், கம்பி மின்தடை நிலையிலேயே சிக்கிக்கொண்டு உணரி செயலிழந்து நிற்கும். ஆகவே விரைவுக்கு ஓர் எல்லை உண்டு. பெரிய பரப்பும் விரைவும் ஒருங்கே வேண்டுமெனில், ஒரே நீண்ட கம்பிக்குப் பதிலாகப் பல சிறு கம்பிகளை அணியாக அமைப்பர்.

வரலாறு

2001 ஆம் ஆண்டு மாஸ்கோ மாநிலக் கல்வியியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிகோரி கோல்ட்ஸ்மனும், ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட அவர்தம் குழுவினரும் இம்முறையை முதன்முதலில் செய்து காட்டினர். 2013 இல் அமெரிக்கத் தேசியச் சீர்தரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தலைமையிலான குழு 1550 நானோமீட்டரில் 93 விழுக்காடு கண்டறியும் திறனை எட்டியது. 2020 இல் இது 98 விழுக்காடாக உயர்ந்தது. 2023 இல் 4,00,000 படவணுக்கள் கொண்ட ஒளிப்படக் கருவி இம்முறையில் உருவாக்கப்பட்டது.

பயன்பாடுகள்

* விண்வெளித் தொடர்பு: 2013 இல் நாசாவின் லாடீ விண்கலம் நிலவுச் சுற்றுப்பாதையிலிருந்து நொடிக்கு 622 மெகாபிட் வீதம் லேசர் வழி அனுப்பிய தகவலை இவ்வுணரிகள் பெற்றன. 2023 டிசம்பரில் சைக்கி விண்கலம் ஏறத்தாழ 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அனுப்பிய நிகழ்படமும், பலோமார் வான்காணகத்தில் இவ்வகை உணரியாலேயே பெறப்பட்டது.
* அடிப்படை இயற்பியல்: 2015 இல் அமெரிக்காவில் நடந்த, முதன்மை ஐயங்களுக்கு இடந்தராத பெல் சோதனைகளுள் ஒன்றில் இவை பயன்பட்டன.
* குவாண்டம் கணிமை: 2020 இல் சீனாவில் உருவான சியுசாங் கருவியில் 100 உணரிகள் இடம்பெற்றன.
* குவாண்டம் மறையீட்டியலிலும் இவை பயன்படுகின்றன.

குறைபாடுகள்

குளிர்விக்கும் அமைப்பின் விலையும் பருமனும் மின்தேவையும் இதன் பரவலான பயன்பாட்டுக்குத் தடையாக உள்ளன. உணரி நகக்கண்ணை விடச் சிறியது. அதனைக் குளிர்விக்கும் கருவியோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. மேலும், வழக்கமான அமைப்பில், ஒரே கணத்தில் வந்தது ஓர் ஒளியணுவா பலவா என்பதைத் துடிப்பிலிருந்து எளிதில் பிரித்தறிய இயலாது.

இவற்றையும் பார்க்க

* மீக்கடத்துத்திறன்
* ஒளியணு
* குவாண்டம் மறையீட்டியல்