கல்யுக்

கல்யுக் என்பது, பம்பாய் நகரத்துப் பெருமுதலாளிக் குடும்பம் ஒன்றின் இரு கிளைகளுக்கிடையே மூளும் ஈவிரக்கமற்ற தொழிற்போட்டியை, மகாபாரதக் கதையின் கட்டுக்கோப்பிலே அமைத்துக் காட்டும் இந்தித் திரைப்படமாகும். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் ஷியாம் பெனகல். தயாரித்ததோடு கர்ணனை ஒத்த முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் சசி கபூர். திரைக்கதையைக் கிரீஷ் கர்னாடும் பெனகலும் சேர்ந்து எழுத, உரையாடலைச் சத்யதேவ் துபே எழுதினார். இந்தித் திரையுலகில் வியாபாரப் பகைமையைப் பின்னணியாகக் கொண்டு எழுந்த படங்கள் பல உண்டெனினும், அப்பகைமையையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்டு, அதன் வேர் குடும்பத்திலும் அதன் கிளைகள் அரசாங்க அலுவலகத்திலும் தொழிற்சாலை வாயிலிலும் பரவிக் கிடப்பதை நிதானமாக ஆராய்ந்த படங்களுள் இது தலையாயது.

பெயர்ப் பொருள்

கலியுகம் என்னும் வடசொல், இந்திப் பேச்சு வழக்கில் மருவி நிற்கும் வடிவமே 'கல்யுக்' என்பது. பாரதப் போர் முடிந்து, கண்ணபிரானும் உலகை நீத்த பின்னரே கலி பிறந்தது என்பது புராண மரபு. ஆகவே, துவாபர யுகத்தின் அந்தியிலே குருட்சேத்திரத்தில் நின்றவர்கள் கலியுகத்திலே மீண்டும் பிறந்து, வில்லுக்கும் கதாயுதத்திற்கும் பதிலாக ஒப்பந்தப் பத்திரத்தையும் தொலைபேசியையும் கையிலேந்தினால் எவ்வாறு நடந்துகொள்வார்கள் என்ற வினா, தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. இந்தி மொழியில் 'கல்' என்ற சொல்லுக்கு இயந்திரம் என்றும் பொருள் உண்டாதலால், 'இயந்திர யுகம்' என்ற இரண்டாம் அர்த்தத்திற்கும் அத்தலைப்பு இடங்கொடுக்கிறது. கனரக இயந்திரங்களுக்கிடையே நிகழும் கதைக்கு இவ்விரு பொருளும் இயல்பாகப் பொருந்துகின்றன.

தயாரிப்பு

வெகுஜனப் படங்களின் கதாநாயகராகப் பல ஆண்டுகள் ஓய்வின்றி நடித்துப் பொருளீட்டிய சசி கபூர், அப்பொருளைத் தம் மனத்துக்குகந்த கலைப்படங்களிலே செலவிட முற்பட்ட காலம் 1970-களின் பிற்பகுதியாகும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட 'ஜுனூன்' என்ற படத்தை 1978-இல் பெனகலைக் கொண்டு எடுத்த அவர், அதே இயக்குநரோடு இரண்டாம் முறை கூடியதன் பயனே கல்யுக். அபர்ணா சென் இயக்கிய '36 சௌரிங்கி லேன்' (1981), கோவிந்த் நிஹலானி இயக்கிய 'விஜேதா' (1982), கர்னாட் இயக்கிய 'உத்சவ்' (1984) ஆகியனவும் அவர் தயாரித்தவையே. இலாபத்தை முதன்மையாகக் கருதாத ஒரு தயாரிப்பாளர், இலாபத்திற்காக எதையும் துணியும் மனிதர்களைப் பற்றிய படத்திற்குப் பொருளுதவி செய்தார் என்பது, இந்தித் திரை வரலாற்றிலே நன்றியுடன் நினைக்கத் தக்க செய்தியாகும்.

பெனகல் (1934–2024) செகந்தராபாத்தில் பிறந்து, பம்பாயின் விளம்பர நிறுவனங்களிலே பல ஆண்டுகள் பணிபுரிந்தபின் கதைப்படத் துறைக்கு வந்தவர். 'அங்குர்' (1974), 'நிஷாந்த்' (1975), 'மந்தன்' (1976) ஆகிய படங்களில் கிராமத்து நிலவுடைமையையும் சாதிக் கொடுமையையும் கூட்டுறவு இயக்கத்தையும் சித்திரித்த அவர், கல்யுக்கில் மாநகரத்து மேல்தட்டின்மீது பார்வையைத் திருப்பினார். குஜராத்தைச் சேர்ந்த ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் தந்து உருவாக்கிய 'மந்தன்' படத்தையும், ஒரு குடும்பத்தின் இரு பிரிவினர் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடிக்கும் கல்யுக்கையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, கூடி உழைத்துப் பெருகும் செல்வத்திற்கும் பகைத்துப் பறித்துச் சேர்க்கும் செல்வத்திற்கும் உள்ள வேற்றுமை தானே விளங்கும்.

கர்னாட், மகாபாரதத்து யயாதியின் கதையைத் தம் முதல் நாடகமாக்கி 1961-இல் வெளியிட்ட கன்னட நாடகாசிரியர். 1960-களில் சென்னையிலே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியாற்றியவர். துபேயோ, பாரதப் போரின் இறுதி நாளைப் பொருளாகக் கொண்ட தரம்வீர் பாரதியின் 'அந்தா யுக்' நாடகத்தைப் பம்பாயில் மேடையேற்றிப் புகழ்பெற்றவர். இவ்விருவரும் இதிகாசத்தைப் பக்திக் கதையாக மாத்திரம் கருதாமல், மனித இயல்பின் விசாரணையாகவும் பயின்றவர்களாதலால், பழைய கதைக்குப் புதிய ஆடை உடுத்தும் வேலை வெறும் வேடிக்கையாகப் போய்விடாமல் காப்பாற்றப்பட்டது. ஒளிப்பதிவைக் கோவிந்த் நிஹலானியும், இசையை மேலைச் சங்கீதத்தை இலண்டனிலும் பாரிஸிலும் பயின்ற வன்ராஜ் பாட்டியாவும் கவனித்துக்கொண்டனர்.

கதைச் சுருக்கம்

தம்மிடம் வந்துசேர்ந்த வாரிசுகளை வளர்த்து ஆளாக்கிய பிரமசாரியான பீஷம்சந்த், குடும்பத்தின் மூத்தவர். அவருடைய பராமரிப்பில் வளர்ந்தவர்கள் கூப்சந்த், பூரன்சந்த் என்னும் சகோதரர் இருவர். கூப்சந்தின் புதல்வர்கள் தன்ராஜும் சந்தீப்ராஜும். காலஞ்சென்ற பூரன்சந்தின் புதல்வர்கள் தரம்ராஜ், பல்ராஜ், பரத்ராஜ் என்னும் மூவர். ஒரே இரத்தத்தில் உதித்த இவ்விரு கிளையாரும் தனித்தனி ஸ்தாபனங்களை நடத்தி, ஒரே வகைத் தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாக நிற்கின்றனர். பெற்றோர் யாரென்று அறியாது, பீஷம்சந்தின் ஆதரவில் வளர்ந்த கரன் சிங், தன்ராஜின் நண்பனாகவும் வலக்கையாகவும் இருந்து அவனுடைய ஸ்தாபனத்தைத் தாங்குகிறான்.

அரசாங்க ஒப்பந்தம் ஒன்று யாருக்குக் கிட்டுவது என்ற போட்டியிலே தொடங்கும் சச்சரவு, படிப்படியாக முற்றுகிறது. டெண்டர் இரகசியங்களை அறிய முயலுதல், அதிகாரிகளை வசப்படுத்துதல், எதிரியின் தொழிற்சாலையில் அமைதியைக் குலைத்தல், வருமானவரிச் சோதனை என்று ஆயுதங்கள் மாறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் பணத்தை இழக்கச் செய்வதற்கும் உயிரை இழக்கச் செய்வதற்கும் இடையேயிருந்த எல்லைக்கோடு அழிந்துவிடுகிறது. குடும்பத்தின் இளம் பிள்ளை ஒருவன் பெரியவர்களின் பகைமைக்குப் பலியாகிறான். கரன், பூரன்சந்தின் மனைவியான சாவித்திரிக்குத் திருமணத்திற்கு முன்னர்ப் பிறந்த மகன் என்ற உண்மை வெளிப்படுகிறது. பஞ்சரான தன் மோட்டார் வண்டியின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருக்கும் வேளையிலே அவன் கொல்லப்படுகிறான். தன்ராஜும் அழிவிலிருந்து தப்புவதில்லை. எஞ்சி நிற்கும் பரத்ராஜ், தான் வென்றது எதை என்று சொல்லத் தெரியாத உடைந்த மனிதனாக, அண்ணன் மனைவியான சுப்ரியாவிடம் ஆறுதல் தேடும் காட்சியோடு படம் முடிகிறது.

பாத்திரங்களும் இதிகாச மூலங்களும்

பாத்திரப் பெயர்களே மூலத்தைச் சுட்டிக்காட்டும்படி அமைக்கப்பட்டுள்ளன. தரம்ராஜ் (ராஜ் பப்பர்) தருமன், பல்ராஜ் (குல்பூஷன் கர்பந்தா) பீமன், பரத்ராஜ் (அனந்த் நாக்) அருச்சுனன், தன்ராஜ் (விக்டர் பானர்ஜி) துரியோதனன், சந்தீப்ராஜ் (ஆகாஷ் குரானா) துச்சாதனன், சாவித்திரி (சுஷ்மா சேத்) குந்தி, பீஷம்சந்த் (ஏ. கே. ஹங்கல்) பீஷ்மர்; கிஷன்சந்த் (அம்ரிஷ் புரி) கண்ணன். காந்தாரியை ஒத்த தேவகியாக மராத்தி நாடகமேதை விஜயா மேத்தாவும், சுபத்திரையாகச் சுப்ரியா பாடக்கும், தொழிற்சங்கத் தலைவர் பவானி பாண்டேயாக ஓம் புரியும் நடித்தனர்.

திரௌபதியை ஒத்த சுப்ரியா, தரம்ராஜ் ஒருவனுக்கே மனைவியாயினும், அவள் உள்ளம் பரத்ராஜை நாடுவதாகக் காட்டியிருப்பதனால், ஐவருக்கு மனைவியானவளின் உள்ளக்கிடக்கை நவீன சமூக வரம்புக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. சென்னையிலே பிறந்தவரும் நடிகர் ஜெமினி கணேசனின் புதல்வியுமான ரேகா, பேச்சைக் குறைத்துப் பார்வையினாலேயே இப்பாத்திரத்தை நிறைத்திருக்கிறார். சபையிலே திரௌபதியின் துகிலுரிந்த காட்சிக்கு ஈடாக, வருமானவரி அதிகாரிகள் வீட்டினுள் புகுந்து அவளுடைய அந்தரங்க உடைமைகளைக் கிளறும் காட்சி அமைந்துள்ளது. எவரும் அவள்மீது கைவைப்பதில்லை, சட்டமும் மீறப்படுவதில்லை, ஆயினும் மானபங்கம் நிகழ்ந்துவிடுகிறது. கைப்பட்டால்தான் அவமானம் என்ற நிலை மாறி, முத்திரையிட்ட காகிதமே அவமானத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் காலத்தின் இயல்பை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது.

கரனின் மரணமும் அவ்வாறே. பூமியிலே அழுந்திய தேர்ச்சக்கரத்தைக் கர்ணன் தூக்க முயன்ற கணத்தை அறியாத இந்தியர் இல்லையாதலால், சாலையோரத்தில் குனிந்து சக்கரத்தை மாற்றும் மனிதனைக் கண்டவுடனே முடிவு என்னவென்று பார்வையாளர் உணர்ந்துவிடுகின்றனர். முடிவை முன்கூட்டியே அறிந்திருப்பது சுவையைக் குறைக்காமல், விதியின் பாரத்தை நெஞ்சிலே ஏற்றிவிடுகிறது. கட்டுப்பாடும் பண்பும் தனிமையும் கலந்த கரனாகச் சசி கபூர் காட்டிய அடக்கம், அவருடைய வாழ்நாள் நடிப்பில் உயர்ந்த இடம் பெறத்தக்கது.

தொழிற்போட்டியின் சரித்திரப் பின்னணி

இப்படத்தின் பகைமையை விளங்கிக்கொள்ள, அக்காலத்து இந்தியத் தொழில்துறையின் நிலையை அறிதல் அவசியம். 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களைத் தொடங்குவதற்கும் விரிவாக்குவதற்கும் சர்க்காரின் லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1969-இல் இயற்றப்பட்ட ஏகபோக, கட்டுப்பாட்டு வியாபார முறைகள் சட்டம், 20 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துடைய ஸ்தாபனங்களின் விரிவாக்கத்தை மேலும் இறுக்கியது. செல்வம் சிலர் கையில் குவியக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த இவ்வேற்பாடுகள், நடைமுறையில் வேறொரு விளைவையும் உண்டாக்கின. உற்பத்தி செய்யும் உரிமையே பங்கிட்டுத் தரப்படும் பொருளாகிவிட்டதால், நல்ல சரக்கைக் குறைந்த விலைக்குத் தருவதைவிட, எதிரிக்குக் கிட்டவிருக்கும் அனுமதியைத் தடுப்பது இலாபகரமாயிற்று. போட்டியின் களம் சந்தையை விட்டுத் தலைமைச் செயலகத்தின் தாழ்வாரங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஒருவன் பெற்றால் மற்றவன் இழந்தே தீரவேண்டும் என்ற இந்நிலை, ஐந்து ஊர்களும் தரமாட்டேன் என்ற துரியோதனன் மனநிலைக்கு மிக அண்மையது.

இரண்டாவது காரணம் குடும்பம். பல கம்பெனிகளின் நிர்வாகத்தை ஒரே கையில் வைத்திருந்த மானேஜிங் ஏஜென்சி முறை 1970 ஏப்ரலில் ஒழிக்கப்பட்ட பின்னரும், இந்தியப் பெருந்தொழிலின் பெரும்பகுதி குடும்பங்களின் வசமே இருந்தது. பாகப்பிரிவினை என்பது அங்கே வயலையும் வீட்டையும் பிரிப்பதோடு நில்லாமல், ஆலைகளையும் பங்குகளையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் ஜீவனத்தையும் பிரிப்பதாகும். அவ்விதப் பிரிவினையில் வருமானத்தைப் பற்றிய வழக்கோடு கௌரவத்தைப் பற்றிய வழக்கும் கலந்துவிடுவதால், கணக்குப் பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டிய இடத்தில் எவராலும் நிறுத்த முடிவதில்லை. படத்தில் வரும் தொழிலாளர் கொந்தளிப்பும் கற்பனையின் மிகை அன்று. படம் வெளிவந்த மறு ஆண்டாகிய 1982-இன் ஜனவரி 18-ஆம் நாள், தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பம்பாயில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அதன் பின்னர் அந்நகரின் ஆலைகள் பல மீண்டும் திறக்கப்படவே இல்லை.

கருத்தும் மதிப்பீடும்

மூலக்கதையினின்றும் இப்படம் விலகும் இடமே இதன் சாரமாகும். பாண்டவர் பக்கம் தருமம் இருந்தது என்பது இதிகாசத்தின் முடிபு. கல்யுக்கிலோ இரு தரப்பாரும் ஒரே சூழ்ச்சியை ஒரே மனச்சாந்தியுடன் செய்கின்றனர். கண்ணனை ஒத்த கிஷன்சந்த் ஆலோசனை சொல்கிறார். ஆனால் களத்தின் நடுவே தேரை நிறுத்தி, செய்யத்தக்கது எது என்று உபதேசிக்கும் கீதை இங்கே பிறப்பதில்லை. தயங்கி நின்று வில்லை நழுவவிட்ட அருச்சுனனின் கணம் பரத்ராஜுக்கு வாய்க்கவே இல்லை. எல்லாம் முடிந்த பின்னரே அவன் கை நடுங்குகிறது. குருட்சேத்திரத்திலே சூரியன் அஸ்தமித்ததும் போர் நிற்க வேண்டும் என்ற நியதியாவது இருந்தது. மின்விளக்கும் தொலைபேசியும் உள்ள மாளிகையில் அஸ்தமனம் என்பதே இல்லை. விதி மீறப்படும் யுத்தத்தைவிட, மீறுவதற்கு விதியே இல்லாத யுத்தம் கொடியது என்ற உண்மையை, ஒரு சொல்லும் உரக்க உரைக்காமல் இப்படம் நிலைநாட்டுகிறது.

உறவுமுறைகள் பலவும் விரைந்து அறிமுகமாவதால், முதல் அரைமணி நேரத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று தொடர்வது கடினம் என்ற குறையை மறுப்பதற்கில்லை. எனினும் பாரதம் அறிந்தவர்களுக்கு இக்கடினம் நெடுநேரம் நீடிப்பதில்லை.

வரவேற்பும் பின்வந்தவையும்

1981-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான பிலிம்பேர் விருது கல்யுக்கிற்கு வழங்கப்பட்டது. சுப்ரியா பாடக் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். அதே ஆண்டு மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவிலும் படம் பங்கேற்றது.

இதற்குச் சற்று முன்னர் யஷ் சோப்ராவின் 'த்ரிஷூல்' (1978), தந்தையைத் தொழிலில் வீழ்த்தப் புறப்பட்ட மகனின் கதையைக் கூறியிருந்தது; பின்னர் மதூர் பண்டார்க்கரின் 'கார்ப்பரேட்' (2006), தாராளமயத்திற்குப் பிந்திய இரு நிறுவனங்களின் மோதலைச் சித்திரித்தது. பாரதக் கதையை நிகழ்காலத்தில் நிறுத்தும் முயற்சி, தமிழில் கர்ணனின் நட்பை மையமாக்கிய மணிரத்னத்தின் 'தளபதி'யிலும் (1991), இந்தியில் அரசியலைக் களமாக்கிய பிரகாஷ் ஜாவின் 'ராஜ்நீதி'யிலும் (2010) தொடர்ந்தது. 1991-இல் தொழில் லைசென்ஸ் முறை பெரும்பாலும் நீக்கப்பட்டதனால், கல்யுக் காட்டும் ஒப்பந்த உலகின் வெளித்தோற்றம் இன்று மாறிவிட்டது. ஆயினும், ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளையைப் போட்டியாளன் என்று மட்டுமே கண்டு அழித்தபின், அவன் யாரென்று அறிந்து நிற்கும் மனிதனின் துயரம் எந்தச் சட்டத்தோடும் பிறந்ததன்று. எந்தச் சட்டத்தோடும் மறைவதும் அன்று.